நாடி துடிக்காத கையும் இரண்டாவது மெஷினும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் காரைக்குடிப் பக்கம். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 61. போன வாரம் பங்காளி வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்தது. வாயு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டு நாலு மணி நேரம் படுத்திருந்தார். அப்புறம்தான் மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாளே பிரஷர் இறங்கிவிட்டது என்று எக்மோவில், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் அனுப்பும் மெஷினில், போட்டார்கள். இன்றோடு மூன்று நாள்.

நேற்று உள்ளே விட்டபோது அப்பச்சியின் கையைப் பிடித்தேன். நாடியே இல்லை. ஆனால் மானிட்டரில் பிரஷர் 68 என்று இருந்தது. நர்ஸிடம் கேட்டதற்கு, "இந்த மெஷின் ஓடும்போது அப்படித்தான் இருக்கும்" என்றார். சாயங்காலம் பெரிய டாக்டர் கூப்பிட்டார். இதயத்தின் இடது பக்கம் வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோர்க்கிறது, பாரத்தை இறக்க இன்னொரு கருவி வைக்க வேண்டும் என்றார். பலூன், இம்பெல்லா என்று இரண்டு பெயர் சொன்னார். பெரியப்பா, "இதயத்தின் வேலையை மெஷின் செய்கிறது என்றுதானே சொன்னார்கள், அப்புறம் அதற்குப் பாரம் எங்கிருந்து வந்தது? பில் ஏற்றப் பார்க்கிறார்கள்" என்கிறார். மலேசியாவில் இருக்கும் அண்ணன், யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்கிறார். ஆத்தா எதுவும் பேசுவதில்லை. பிள்ளையார்பட்டித் திருநீற்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, இதை வைக்க விடுவார்களா என்று மட்டும் கேட்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதம் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது. அப்போதே போனில் பேசிவிட்டோம். அன்று சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். எக்மோ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இதே கேள்வி இருக்கும். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். இருபது வருஷத்துக்கு மேல் இதய ஐ.சி.யு.வில் வேலை. ஆனால் உங்கள் அப்பச்சியை நான் பார்க்கவில்லை. படுக்கைப் பக்கத்தில் நிற்கும் டாக்டர் சொல்வதுதான் முதல் சொல். அதைப் புரிந்துகொள்ள இது உதவட்டும்.

முதலில் பெரியப்பாவுக்கு. அவர் கோபத்தில் கேட்டிருந்தாலும் கேள்வி அருமையான கேள்வி. புதிதாக ஐ.சி.யு.வுக்கு வரும் இளம் டாக்டர்களுக்கே இது சட்டென்று பிடிபடாது. எக்மோ உடம்பைக் காப்பாற்றுகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் போகிறது. ஆனால் இடது பக்க இதயத்துக்கு அது ஓய்வு கொடுப்பதில்லை. பல சமயம் அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். எக்மோ என்ற சொல்லைத் தமிழ்நாடு 2016 டிசம்பரில், முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் கடைசி நாட்களில் தெரிந்துகொண்டது. கொரோனா காலத்தில் மறுபடி நிறையக் கேட்டோம். கொரோனாவில் பெரும்பாலும் நுரையீரலுக்காகப் போட்டார்கள். அதில் ரத்தத்தை ரத்தநாளத்தின் சிரை பக்கமே எடுத்து, சிரை பக்கமே திருப்பி விடுவார்கள். உங்கள் அப்பச்சிக்குப் போட்டிருப்பது இதயத்துக்கான வகை. தொடையில் ஒரு பெரிய குழாய், சிரை வழியாக இதயத்தின் வலது மேலறை வரை போய்க் கறுத்த ரத்தத்தை உறிஞ்சுகிறது. பம்ப் அதைச் சுழற்றி ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளுகிறது. சிவந்து வெளியே வரும் ரத்தம், தொடைத் தமனியில் வைத்த இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குள் திரும்புகிறது. இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று நாவல்பழ நிறம், இன்னொன்று மாதுளை நிறம். அந்த நிற வித்தியாசம் தெரிகிறதா என்று நாங்கள் அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம்.

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். இயல்பாக ரத்தம் இதயத்திலிருந்து மகாதமனி வழியாகக் கீழே இறங்கும். எக்மோவில் தொடையிலிருந்து மேலே ஏறி வருகிறது, இதயத்தைப் பார்த்து. சும்மா இருக்கும்போது ஒரு மனிதரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் வெளியேற்றும். இந்த மெஷின் 3, 4 லிட்டரை எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்து வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைத்தண்ணீர் முற்றத்தில் விழுகிறது. மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போகிறது, அங்கிருந்து ஊருணிக்கு. அந்தக் கால்வாயில் ஒருவர் பெரிய மோட்டாரை வைத்து, தண்ணீரை உங்கள் வீட்டைப் பார்த்துத் தள்ளுகிறார் என்று வையுங்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டுத் தூம்பு வெளியேற்ற முடியாமல் நின்றுவிடும். மழை விட்டால் பரவாயில்லை. விடவில்லை. முற்றம் நிரம்பி, படி ஏறி, பட்டாலைக்குள் தண்ணீர் வந்துவிடும்.

தூம்பு இருக்கும் இடத்தில் இதயத்தில் மகாதமனி வால்வு இருக்கிறது. முற்றம்தான் இடது கீழறை. பட்டாலை நுரையீரல். 'மெஷின்தான் எல்லா ரத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறதே, மழை எங்கிருந்து?' என்று பெரியப்பா அடுத்துக் கேட்பார். எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. கொஞ்சம் தப்பித்து நுரையீரல் வழியாக இடது பக்கம் வந்து சேரும். மூச்சுக்குழாய்ச் சுவர்களுக்குப் போன ரத்தமும், இதயத் தசைக்கே போன ரத்தத்தில் ஒரு சிறு பங்கும் நேராக இடது பக்கத்தில் வந்து விழும். இதை நிறுத்த வழியில்லை. நல்ல இதயமாக இருந்தால் எதிர்ப்பை மீறித் தூம்பைத் திறந்து வெளியே தள்ளிவிடும். நாலு மணி நேரம் ரத்தம் இல்லாமல் கிடந்த இதயத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது.

இப்போது உங்கள் கையில் தட்டுப்படாத அந்த நாடிக்கு வருகிறேன். கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

நாடி என்பது என்ன? இதயம் சுருங்கி, வால்வு திறந்து, ஒரு வீச்சு ரத்தம் வெளியே பாயும்போது தமனியில் வரும் அலை. எக்மோ பம்ப் துடிப்பதில்லை, ஒரே சீராகச் சுழல்கிறது. அதனால் மெஷின் தரும் ரத்தத்தில் அலை கிடையாது, பிரஷர் மட்டும் இருக்கும். கையில் நாடி தெரிந்தால் அது அப்பச்சியின் சொந்த இதயம் தள்ளியது. தெரியவே இல்லை என்றால் வால்வு சரியாகத் திறக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆக, நர்ஸ் சொன்னதில் பாதி சரி. முதல் சில மணி நேரம் பல பேருக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் நாங்கள் கவலைப்படுவோம்.

அடுத்த முறை உள்ளே போகும்போது மானிட்டரில் பிரஷர் கோட்டைப் பாருங்கள், பெரும்பாலும் சிவப்பில் ஓடும். நல்ல இதயத்துக்கு அது மலை மலையாக ஏறி இறங்கும். எக்மோவில் இருப்பவருக்குச் சின்னச் சின்ன மேடாக இருக்கும். வால்வு திறக்காதவருக்குப் பலகையில் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். 74, 66 என்று இருந்தால் வித்தியாசம் 8. பத்துக்கும் கீழே வந்துவிட்டால் நாங்கள் எக்கோ மெஷினை (இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது) தள்ளிக்கொண்டு ஓடிவருவோம். நீங்கள் பார்த்த 68 சராசரி பிரஷராக இருக்கும். அது மட்டும் சரியாக இருப்பது இதயம் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி இல்லை.

வால்வு திறக்காமல் ரத்தம் தேங்கினால் என்ன ஆகும்? நுரையீரலில் நீர் கோர்ப்பதை டாக்டரே சொல்லிவிட்டார். வென்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பு நுரை ஏறி வருவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் வெள்ளையாகிவிடும். இரண்டாவது, தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கும். எக்கோவில் முதலில் சாம்பிராணிப் புகை மாதிரி மெல்லச் சுழலும், பிறகு கட்டியாகும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் இது நடக்கலாம். அந்தக் கட்டி பின்னால் மூளைக்குப் போகலாம்.

மூன்றாவதைப் பற்றி வீட்டாரிடம் யாரும் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் பெரிது. ஊதிய பலூனின் தோல் எப்படி இழுபட்டு நிற்கும்? வீங்கிய கீழறையின் சுவரும் அப்படித்தான். அறை பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு துடிப்புக்கும் தசை கூடுதலாக உழைக்க வேண்டும், கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தமோ தசையின் உட்புறத்துக்கு வரும் சிறு தமனிகளை நசுக்கி, வரும் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது. ஸ்டென்ட் வைத்துத் திறந்த பாதையின் பலனில் ஒரு பங்கு இங்கே வீணாகப் போகிறது. எந்த இதயம் தேறி வர வேண்டும் என்று மெஷின் போட்டோமோ, அதைத் தேற விடாமல் அதே மெஷின் தடுக்கிறது. பாரத்தை இறக்குவது என்று உங்கள் டாக்டர் சொன்னது இதைத்தான்.

பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், இப்படி நேர்க்கோடு விழுந்த ஒருவருக்கு "நாளைக் காலை பார்க்கலாம்" என்று விட்டோம். அந்த "நாளை" என்றவர்களில் நானும் ஒருவன். காலையில் எக்கோவில் கீழறையின் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. அதற்கப்புறம் உள்ளே எந்தக் கருவியையும் நுழைக்க முடியாது. நுழைத்தால் கட்டி உடைந்து கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு இருந்த வழிகள் காலை ஏழு மணிக்கு இல்லை. அதிலிருந்து, டாக்டர் இன்றைக்கே முடிவு கேட்டால் அவசரப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவருகிறேன்.

சரி, அப்படியானால் உடனே கருவிதானா? இல்லை. அதற்கு முன் செய்து பார்ப்பவை உண்டு. எக்மோவின் ஓட்டத்தை உடம்பு தாங்கும் அளவுக்குக் குறைப்பது, டோபுட்டமின் மாதிரி மருந்து கொடுத்து இதயத்தைக் கொஞ்சம் உதைத்துவிடுவது, ரத்தநாளத்தை இறுக்கும் மருந்துகளைக் குறைப்பது, நீர் பிரிய மருந்து, வென்டிலேட்டரில் அழுத்தத்தைக் கூட்டுவது. இவற்றைச் செய்தும் எக்கோவில் வால்வு திறக்கவில்லையா என்பதுதான் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "செய்தோம், திறக்கவில்லை" என்று சொன்னால் அவர் நியாயமான இடத்தில்தான் நிற்கிறார்.

பலூன் பம்ப் பழைய ஆள். 1967-இல் அமெரிக்காவில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலில் நோயாளிக்கு வைத்தார். தொடை வழியாக மகாதமனிக்குள் நீளமான பலூன் ஒன்றை ஏற்றி வைப்பார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 மில்லி பிடிக்கும். உள்ளே ஹீலியம் வாயு. லேசான வாயு என்பதால் நொடிக்குள் போய் வந்துவிடும். இதயம் தளரும்போது பலூன் விரியும், இதயம் சுருங்கப் போகும் அதே கணத்தில் சட்டென்று சுருங்கி இடம் விடும். மோட்டார்க்காரரிடம் போய், எங்கள் வீட்டுத் தூம்பு திறக்கும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்று சொல்கிற மாதிரி. செலவு குறைவு, பெரும்பாலான இதய மருத்துவமனைகளில் இருக்கும். ஆனால் பலமும் குறைவு. இதயம் கொஞ்சமாவது துடித்தால்தான் பயன்.

இம்பெல்லா வேறு ஜாதி. பென்சிலை விட ஒல்லியான பம்ப். மகாதமனி வால்வையே கடந்து உள்ளே போய்க் கீழறையில் வாயை வைத்து, ரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடுகிறது. அதற்குள் இருக்கும் சின்னச் சுழலி நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் கூடச் சுற்றும். முற்றத்திலேயே மோட்டார் இறக்கித் தண்ணீரை இறைப்பது இது. வால்வு திறக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லை, வீங்கிய அறை நேராக வடியும். விலைதான் அதிகம், பலூனுடன் ஒப்பிடவே முடியாது. தொடையில் இன்னொரு பெரிய துளை, அதனால் ரத்தக்கசிவு. அந்த வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் வரலாம். கீழறையில் கட்டி இருந்தாலோ, முன்பே உலோக வால்வு வைத்திருந்தாலோ இதை வைக்கக் கூடாது.

இந்த இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் தொடைச் சிரை வழியாகவே போய் ஒரு துளை போடுவார்கள். இடது பக்க ரத்தம் வலது பக்கம் வழிந்து எக்மோவின் வாய்க்கே போய்விடும். நெஞ்சைத் திறந்து வடிகுழாய் வைப்பதும் உண்டு. உங்கள் டாக்டர் இவற்றைச் சொல்லவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

எக்மோ போட்ட எல்லோருக்கும் முன்கூட்டியே பாரம் இறக்கினால் நல்லதா? இதைக் கொரியாவில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். 116 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே அந்தச் சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் ஒரு வடிகுழாய், மீதிப் பேருக்குத் தேவை வந்தால் மட்டும். 30 நாள் முடிவில் உயிர் பிழைத்தவர்களில் வித்தியாசம் தெரியவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வீக்கம் வந்துவிட்டவருக்குத் தள்ளிப்போடக் கூடாது. அந்தச் சோதனையிலும் தேவை வந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லையே. நுரையீரல் வெளுத்து, நாடி மறைந்த உங்கள் அப்பச்சி இரண்டாவது கூட்டத்தில் "தேவை வந்துவிட்ட" ஆள்.

அதே 2023-இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது, பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தது. மாரடைப்பில் பிரஷர் விழுந்த 400-க்குச் சற்று அதிகமானவர்களிடம், சீக்கிரமே எக்மோ போடுவதால் மட்டும் 30 நாள் மரணம் குறையவில்லை என்று காட்டியது. இரண்டு பக்கத்திலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிழைக்கவில்லை. இதை மறைத்து உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களின் நிலைமை அதுதான். கருவி வைத்தால் பிழைத்துவிடுவார் என்று உங்களிடம் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகையால் இரண்டாவது கேள்வி: "இதற்கு அப்புறம் எங்கே போகிறோம்?" எக்மோவை வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. நாட்கணக்குதான், மிஞ்சிப்போனால் சில வாரம். அதற்குள் இதயம் தேற வேண்டும், இல்லையேல் மாற்று இதயமோ நிரந்தரமாகப் பொருத்தும் பம்போ கிடைக்க வேண்டும். தேறும் என்று டாக்டர் எதை வைத்து நம்புகிறார், மயக்க மருந்தைக் குறைத்தபோது அப்பச்சி கண் திறந்தாரா, சொன்னதைச் செய்தாரா, மாற்று இதயத்துக்குப் பதிய வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மூளை நன்றாக இருந்து, இதயத்துக்கு நாலு நாள் அவகாசம் கொடுத்தால் தேறும் என்று அவர் நினைத்தால், பாரத்தை இறக்க இப்போது செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. போகும் இடம் எதுவும் இல்லை என்றால் இரண்டாவது மெஷின் நாளைத்தான் கூட்டும். அப்போது வேண்டாம் என்பதும் நேர்மையான முடிவுதான், அதற்காக ஆயுசுக்கும் உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம்.

பணம். பெரியப்பாவின் சந்தேகத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் கணக்குப் பார்க்கிறவர்கள் இருப்பதால்தான் வீடுகள் நிற்கின்றன. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. எக்கோவை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள், வால்வைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மூன்று இதழும் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது படிக்காத கண்ணுக்கும் தெரியும். பெரியப்பாவையே உள்ளே அனுப்புங்கள். அப்புறம் பலூனுக்கு எவ்வளவு, இம்பெல்லாவுக்கு எவ்வளவு, கருவிக்குத் தனியா ஐ.சி.யு. நாளுக்குத் தனியா என்று எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காப்பீட்டு மேசையில் எதெல்லாம் அதில் வரும் என்று இன்றைக்கே விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டுப் பலனில்லை. கடனை வாங்கிக்கொண்டு இம்பெல்லாதான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். இதயத்தில் கொஞ்சம் துடிப்பு மிச்சம் இருந்தால் பலூனோடு ஆரம்பித்து, ஒரு நாளுக்குள் கோடு மேடு கட்டுகிறதா என்று பார்க்கும் டாக்டர்கள் நிறைய. நானும் அந்த ரகம். அண்ணன் மலேசியாவிலிருந்து பேசுவது பாசம்தான், ஆனால் படுக்கைப் பக்கம் நிற்பவர்கள் நீங்கள். முடிவை அங்கே இருப்பவர்களே எடுங்கள்.

பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம். குழாய் போட்ட காலின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். மற்றக் காலை விட ஜில்லென்றோ வெளுத்தோ இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தமனிக் குழாய் அந்தக் காலுக்குப் போகும் ரத்தத்தை மறைக்கக்கூடும். ஆக்சிஜன் அளக்கும் கிளிப் வலது கை விரலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதயம் தேறி வரும்போது தலைக்கும் வலது கைக்கும் கெட்ட நுரையீரலிலிருந்து வரும் ரத்தம்தான் முதலில் போகும். இடது கையில் 99 என்று காட்டுவதை வைத்து ஏமாறக் கூடாது. அப்புறம், விரலில் மோதிரம் இருந்தால் இன்றே கழற்றி வாங்கிவிடுங்கள். கை வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆத்தாவிடம் சொல்லுங்கள்: திருநீறு வைக்கலாம். நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கையைக் கழுவி, ஒரு சிட்டிகை, நெற்றியில் மட்டும். கழுத்துக் குழாய்ப் பக்கமும் வாய்க் குழாய்ப் பக்கமும் வேண்டாம். வைத்த பிறகு வழக்கம்போல ஊதிவிடப் போகிறார், அதை மட்டும் கவனமாகத் தடுத்துவிடுங்கள்.